அறிவுமதியின் பொறுப்பில் ஒரு நட்சத்திரம்

திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலை கிராமத்து அறிவுமதிக்குப் பக்கத்து வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. எதைக் கண்டாலும் அதன் வெளிச்சத்தை மதிப்பிடாமல் இருக்க மாட்டாள். மாமியாரின் மூக்குத்தி மங்கிவிட்டது என்று கல்யாணப் பந்தியிலேயே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

வானம் பார்க்கும் குழுவில் சேர்ந்தபின் ஒரு நட்சத்திரத்தையே அவள் பொறுப்பில் விட்டார்கள். அது உப்பிச் சுருங்கி, கூடியும் குறைந்தும் ஒளிரும். ஒரு சுற்றுக்கு எத்தனை நாள் ஆகிறது என்பதை வைத்து அதன் உண்மையான வெளிச்சத்தைச் சொல்லலாம். கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைச் சொல்லலாம். ஆனால் பார்க்கிற கண் சரியாக இருக்க வேண்டும். விளக்கு ஒன்றைத் தூரத்தில் வைத்து, அது மங்கித் தெரிவதைக் கொண்டே எவ்வளவு தூரம் என்று கணித்து, இன்றைக்குள் குழுவுக்குச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நட்சத்திரம் குழுவிலிருக்கும் ஹைமவதிக்குப் போய்விடும்.

ஒரே மாதிரி இரண்டு அகல். ஒன்று மொட்டை மாடியில் அவளருகே. மற்றதைக் கண்ணாடி டம்ளருக்குள் வைத்துக்கொண்டு கணவன் கோபி கிரிவலப் பாதையோரம் போய் நின்றான்.

"அசையாம நில்லுங்க" என்றாள் போனில்.

அதுதான் வினையாயிற்று. அன்று பிரதோஷம். விளக்கும் கையுமாக, மலைக்கு முதுகைக் காட்டி நிற்கிற ஆளைக் கண்டு, மனைவியோடு கிரிவலம் வந்த ஒருவர் நின்றுவிட்டார்.

"சாமி, இது இன்னா வேண்டுதல்?"

"வேண்டுதல்லாம் இல்லீங்க. பொண்டாட்டி நில்லுன்னா, நிக்கிறேன்."

"அதவிடப் பெரிய விரதம் இன்னா கீது? ஏ காசியம்மா, நீயும் ஒரு விளக்க ஏத்து!"

சற்று நேரத்தில் பாதையோரம் முழுக்க அகல் வரிசை. எது கோபி என்று அறிவுமதிக்குத் தெரியவில்லை.

"ஏங்க, உங்களக் காணோம்!"

"இங்கதான்டி கீறேன். விபூதி வேற பூசிட்டாங்க."

"விளக்கக் கையால மூடி மூடித் தொறங்க."

மூடித் திறந்தான். பக்கத்திலிருந்தவரும் மூடித் திறந்தார். வரிசையே மூடித் திறந்தது, அரோகராவோடு. அறிவுமதிக்கு அழுகை முட்டியது. பிறகு உற்றுப் பார்த்தாள். எல்லா விளக்கும் ஒன்றாக மங்கவில்லை. ஓரிடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் பரவுகிறது. தொடங்குகிற இடத்தில் இருப்பவர்தான் தன் வீட்டுக்காரர்.

"கண்டுபிடிச்சிட்டேன்! மூடாம அப்படியே பிடிங்க."

அந்த ஒரு சுடரைத் தன் அகலோடு ஒப்பிட்டு, தூரத்தைக் குழுவுக்குச் சொன்னாள். கோபி முன்பே பைக்கில் அளந்து வந்த தூரத்தோடு அது ஒத்துப்போனது. நட்சத்திரம் அவளுடையதே.

"முடிஞ்சுதா மதி? இவங்க என்ன வுட மாட்றாங்க. விரதத்த எப்ப முடிக்கணும்னு கேக்கிறாங்க."

"கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க. அந்த விளக்கு வரிசைய இன்னொரு வாட்டி பாத்துக்கிறேன்."