முத்தரசுவின் உள்ளறை

செக்காலைச் சாலையில் வாடகைப் பாத்திரக் கடை நடத்தும் முத்தரசுவுக்கு ஐம்பது வயதாகும் முன்பே இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. சர்க்கரை இருப்பது அவருக்கு முன்பே தெரியும். ஆனால் கல்யாண சீசனில் மாத்திரை மறந்துபோகும். கால் வீங்கி, சோற்றைக் கண்டாலே குமட்ட ஆரம்பித்த பிறகுதான் மதுரைக்குப் போனார்.

அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளலாம், இல்லையென்றால் வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்துகொள்ளலாம் என்றார் மருத்துவர். கடையை விட்டுவிட்டு அலைய முடியாதென்று முத்தரசு இரண்டாவதற்குச் சம்மதித்தார். தொப்புளுக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி அனுப்பினார்கள். வயிற்றில் தங்கியிருக்கும் பழைய நீரைக் கழிவோடு ஒரு பையில் வடித்துவிட்டு, உயரத்தில் மாட்டிய பையிலிருந்து புது மருந்து நீரை உள்ளே இறக்க வேண்டும். காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என ஒரு நாளும் தவறக் கூடாது.

மானகிரியில் உள்ள வீட்டில் நெல் மூட்டை கிடந்த உள்ளறையை அவர் மனைவி ஈஸ்வரி ஒழித்துக் கழுவி, பெயிண்ட் அடிக்க வைத்தார். மருந்துப் பைகள் வந்த அட்டைப் பெட்டிகள் ஒரு சுவரையே மறைத்தன. மாற்றும்போது கை சுத்தமாக இருக்க வேண்டும், முகக்கவசம் வேண்டும், கதவும் ஜன்னலும் மூடியிருக்க வேண்டும், ஃபேன் ஓடக் கூடாது, வேறு ஆள் உள்ளே வரக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். வடித்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்த்தால் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உடனே கிளம்பி வர வேண்டும்.

பாரம் தூக்கக் கூடாதென்பதால் முத்தரசு கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆட்கள் அண்டாக்களை வேனில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோயைவிட அப்படிச் சும்மா இருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

சித்திரை மாதம் ஒரு மதியம், அமராவதிபுதூரிலிருந்து அக்கா சோணையம்மாள் வந்தார். தாய் இறந்த பிறகு தம்பியை வளர்த்தவர் அவர்தான். ஈஸ்வரி வெளியே போயிருந்தார். உள்ளறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அக்கா, தம்பி வேர்த்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு ஃபேனைப் போட்டார். குழாயின் வாய் திறந்திருந்த நேரம் அது. முத்தரசுவுக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவசரமாகப் பையை இணைத்துவிட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து, பைக்கு அடியில் இருந்த செய்தி மங்கலாகத் தெரிந்தது. வயசாகிறது, கண்ணாடி போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். சாயங்காலம் கடைத்தெருவில் கண்ணாடியும் வாங்கினார். ரசீதில் இருந்த பொடி எழுத்து நன்றாகவே தெரிந்தது. மறுநாள் காலை வயிறு வலித்தது. பைக்கடியில் எழுத்து இன்னும் மங்கலாகவே இருந்தது. ஈஸ்வரியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அவர் குனிந்து பார்த்தார்.

"எனக்கும் தெரியல. தண்ணி கலங்கிப்போச்சு. எப்ப இருந்து இப்பிடிப் பாத்துக்கிட்டு இருக்கீக?"

கலங்கிய பையையும் கட்டி எடுத்துக்கொண்டு இருவரும் மதுரைக்குப் போனார்கள். வயிற்றுக்குள் கிருமி சேர்ந்திருந்தது. மருந்து நீரிலேயே ஊசி மருந்தைக் கலந்து கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அக்கா வந்ததை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் மனைவியிடம் சொன்னார். ஈஸ்வரி திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் உள்ளறைக் கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் போட வைத்தார்.

அடுத்த முறை சோணையம்மாள் வந்து கதவைத் தள்ளியபோது அது திறக்கவில்லை. உள்ளிருந்து முத்தரசு, "அக்கா, அங்குட்டே உக்காருங்க. முடிச்சுட்டு வாரேன்" என்றார்.

அவர் வெளியே வந்தபோது அக்கா போயிருந்தார். கொண்டுவந்த முருங்கைக்காய் மட்டும் கூடத்தில் கிடந்தது. அவருடைய குரல் போனில் கேட்கவே ஆடி பிறந்துவிட்டது. அதற்குள் யாரோ அவருக்கு விவரம் சொல்லியிருக்க வேண்டும். தம்பியோடு மதுரைக்கு வருவதாக மட்டும் சொன்னார். அங்கே மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும், "என்னோடதுல ஒண்ண எடுத்து இவனுக்கு வச்சிருங்க" என்றார்.

முத்தரசு தலையைக் குனிந்துகொண்டார். மருத்துவர் சில பரிசோதனைகள் எழுதிக்கொடுத்தார். சோணையம்மாளுக்கும் சர்க்கரை இருப்பது அன்றுதான் தெரிந்தது, அதுவும் பல வருஷத்துச் சர்க்கரை. அவரிடம் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

இப்போது முத்தரசு தன் மருந்துப் பைகளுக்கு ஆர்டர் சொல்லும்போது, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் பட்டைகளை அக்காவுக்கும் சேர்த்து வாங்குகிறார். காலையில் அவர் முதல் பையை மாற்றி முடித்துத் தாழ்ப்பாளைத் திறக்கும்போது அக்காவின் போன் வரும். சர்க்கரை அளவைச் சொல்லிவிட்டு, அது கூடியிருந்தால் முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்பதைச் சோணையம்மாள் மறைக்காமல் சொல்வார். சில நாள் பொய்யும் சொல்வார். முத்தரசுவுக்கு அது தெரியும்.