‘நன்றாகத் தூங்கினாள்’ என்றொரு செய்தி

என் மகள் பிற்பகலில் தூங்குகிறாளா? இந்தக் கேள்விக்கு இன்று வரை எனக்குப் பதில் தெரியாது. மூன்று வயதுக் குழந்தையின் தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டிய மிகச் சாதாரண விஷயம் இது. அவளையே கேட்டும் பார்த்துவிட்டேன்.

“மாஷி வீட்டுல தூங்குனியா?”

“தூங்குனேன்.”

“தூங்கலையா?”

“தூங்கல.”

மாஷி என்பவர் அவள் பகல் முழுவதும் இருக்கும் காப்பகத்தை நடத்தும் பெண்மணி. வங்காளத்தில் சித்தியை அப்படி அழைப்பார்கள். சால்ட் லேக்கில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பிளாக் தள்ளி அவர் வீடு. அதன் கீழ்த்தளம்தான் காப்பகம். கணவருக்கு மத்திய அரசு வேலை. மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தபோது மகள் கைக்குழந்தை. கல்லூரியில் நான் படித்த கணினிப் பாடமெல்லாம் அதற்குள் பழையதாகிவிட்டிருந்தது. வீட்டிலிருந்தபடியே இணையதளம் உருவாக்கும் பயிற்சி ஒன்றை முடித்தேன். ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த செக்டர் ஃபைவில் ஒரு சிறிய நிறுவனம் இன்டர்ன்ஷிப்புக்கு எடுத்துக்கொண்டது. கடிதம் வந்த அன்று சந்தோஷப்பட்டேனா என்று நினைவில்லை. குழந்தையை எங்கே விடுவது என்று பதறியது மட்டும் நினைவிருக்கிறது.

அலுவலகத்தில் எனக்கு மேலே இருந்த டீம் லீட் என்னைவிடச் சில வயது இளையவள். ஜாதவ்பூரில் படித்தவள். ‘தீதி’, அதாவது அக்கா, என்று கூப்பிட்டுக்கொண்டே என் பிழைகளைத் திருத்துவாள். வங்காளமும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவாள். எனக்கென்னவோ அவள் பேசியதெல்லாம் தமிழிலேயே நினைவில் நிற்கிறது. திரையில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் பயந்துபோய் உடனே எதையாவது அழித்துவிடுவேன்.

“தீதி, அது உங்களைத் திட்டல. என்ன ஆச்சுன்னு சொல்லுது. முழுசாப் படிங்க.”

நான் அங்கே கற்ற முதல் பாடம் அது. இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தாள். தகவல் நிரப்ப வேண்டிய ஓர் இடம் காலியாக இருப்பது வேறு, பூஜ்யம் வேறு, ‘இல்லை’ என்பது வேறு. காலியாக இருந்தால், அதைப் பற்றி யாரும் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று மட்டுமே அர்த்தம். இதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தேன். அது என் வீட்டு விஷயம் ஆகும் என்று அப்போது நினைக்கவில்லை.

தினமும் மூன்று மணி வாக்கில் மாஷியின் காப்பகத்திலிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வரும். மஞ்சள் சூரியன் படம் போட்டு, கீழே மூன்று வரி. நன்றாகச் சாப்பிட்டாள். நன்றாகத் தூங்கினாள். மகிழ்ச்சியாக இருந்தாள். காப்பகம் வாங்கிப் பயன்படுத்தும் ஏதோ ஒரு செயலி அது. அந்தச் சூரியன் வந்த பிறகுதான் என் டிபன் பாக்ஸைத் திறப்பேன். மற்றவர்கள் அதற்குள் சாப்பிட்டு முடித்து, சாயங்கால டீக்கும் பொரிக்கும் தயாராகிக்கொண்டிருப்பார்கள். எனக்கோ மூன்று வரியையும் படித்துவிட்டால்தான் தயிர்சாதம் இறங்கும்.

எங்கள் நிறுவனமும் அதேபோலச் சூரியன் படம் வரும் ஒரு செயலியை வேறொரு வாடிக்கையாளருக்காகச் செய்துகொண்டிருந்தது. நகரத்தில் பல இடங்களில் காப்பகம் நடத்துபவர் அவர். ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று பொத்தான் அழுத்த வேண்டியிருக்கிறது, ஊழியர்களுக்குக் கை ஒழிவதில்லை என்று அவரிடமிருந்து புகார் வந்தது. மூன்றிலும் ‘நன்று’ என்பதை முதலிலேயே நிரப்பி வைத்துவிட வேண்டும், ஏதாவது சரியில்லை என்றால் மட்டும் ஊழியர் மாற்றட்டும், குறித்த நேரத்தில் செய்தி தானாகப் போகட்டும் என்று முடிவானது. அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அன்று மாலைக்குள் செய்து முடித்தேன். ஒரு சிவப்பு எழுத்துகூட வரவில்லை.

“பர்ஃபெக்ட், தீதி!” என்றாள் லீட்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். “பரவாயில்லையே. இந்த வீட்டுல ஆபீஸ்ல பாராட்டு வாங்குற ஒரே ஆளு நீதான்,” என்றார். நான் செய்த வேலையையும் எனக்கு வரும் சூரியனையும் சேர்த்து யோசிக்க அன்று எனக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றாமல் போனது?

அடுத்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். காலையிலேயே மாஷிக்கு போன் செய்து வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு, லீவு போட்டேன். வேலை நிரந்தரமாகுமா என்று தெரியாத சமயத்தில் லீவு போடுகிறோமே என்ற கவலை ஒரு பக்கம். மடியில் கொதிக்கும் உடம்பு மறுபக்கம். “காபோ நா, கஞ்சி காபோ நா,” சாப்பிட மாட்டேன் என்று வங்காளத்தில் அடம்பிடித்து, ஊட்டிய ஒரு வாயையும் துப்பினாள். கண்ணை மூடவே இல்லை. மாத்திரை வாங்கிக்கொண்டு கணவர் வந்த நேரத்தில் போன் மணியடித்தது.

மஞ்சள் சூரியன். நன்றாகச் சாப்பிட்டாள். நன்றாகத் தூங்கினாள். மகிழ்ச்சியாக இருந்தாள்.

கணவரிடம் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்போ இங்க படுத்திருக்கிறது யாரு?”

“நான்தான்,” என்றாள் மகள்.

“ஏதோ மெஷின் தானா அனுப்பியிருக்கும். விடு.”

“அந்த மாதிரி மெஷினைத்தாங்க நான் செய்யுறேன்.”

அவர் சிரிப்பதை நிறுத்தினார். “மாஷிகிட்ட போய் இதைப் பெரிசாக்கிடாத. சாயங்காலம் நீ வர்ற வரைக்கும் வச்சுக்கிற இடம் வேற இல்ல,” என்றார். அது உண்மைதான். அந்த வீட்டை விட்டால் நான் வேலைக்குப் போகவே முடியாது.

காய்ச்சல் விட்டபின் மகளைக் கொண்டுபோய் விட்டேன். மாஷி வாசலிலேயே புறங்கையை அவள் கழுத்தில் வைத்துப் பார்த்தார். “ஜொர் போயிடுச்சா, ஷோனா? நீ வராம எல்லாரும் உன்னைத் தேடினாங்க.” ‘ஷோனா’ என்றால் தங்கம். செய்தியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். உள்ளே ஒரு குழந்தை அழுதது. அவர் திரும்பிவிட்டார்.

மற்ற குழந்தைகள் இவளைத் தேடியதை அவர் கவனித்திருக்கிறார். அப்படியென்றால் அவர் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். போனுக்குத்தான் தெரியவில்லை என்று நிம்மதியாக ஷேர் ஆட்டோவில் ஏறினேன். கருணாமயி ஸ்டாப் தாண்டுவதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது. வராத குழந்தையைத் தேடுவது ஒன்று. வந்த குழந்தை தூங்கினாளா என்று பார்ப்பது இன்னொன்று. இதுவரை வந்த எத்தனை சூரியன்கள் யாரும் பார்க்காமல் வந்தவை? ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். நான் வீணாகச் சந்தேகப்படுகிறேனோ என்னவோ.

லீடிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “சரி தீதி, உங்க யோசனைப்படி மாத்துங்க. டெமோவுல காட்டுவோம்,” என்றாள். நான் இரண்டு மாற்றங்கள் செய்தேன். வராத குழந்தைக்குச் செய்தி போகாது. வந்த குழந்தைக்கு யாரும் பொத்தானை அழுத்தவில்லை என்றால், சூரியன் வராது. சாம்பல் நிறத்தில் ‘இன்னும் குறிக்கப்படவில்லை’ என்று வரும்.

டெமோவில் வாடிக்கையாளரான அந்த அம்மா வீடியோவில் இருந்தார். சாம்பல் நிறத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. “இதைப் பார்த்தா அம்மாக்கள் எல்லாரும் போன் பண்ணுவாங்க. என்கிட்ட வேலை செய்யுற பொண்ணுங்க போனை எடுப்பாங்களா, குழந்தையைப் பார்ப்பாங்களா?”

“எங்க டீம்லயே ஒரு அம்மா இருக்காங்க. அவங்களையே கேளுங்க,” என்றாள் லீட். எனக்கு உதவுவதாக நினைத்துத்தான் சொன்னாள்.

“நீங்க சொல்லுங்க. இப்படி வந்தா நீங்க போன் பண்ணுவீங்களா?”

மாட்டேன் என்று சொல்லியிருந்தால் என் மாற்றம் தப்பித்திருக்கும்.

“பண்ணுவேன்,” என்றேன். “எடுக்குற வரைக்கும் பண்ணுவேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். “பார்த்தீங்களா!” என்றார் அந்த அம்மா. சாம்பல் நிறம் போயிற்று. சூரியன் திரும்பி வந்தது. வராத குழந்தைக்குச் செய்தி போகக் கூடாது என்ற என் மற்ற மாற்றத்தை மட்டும் மிகவும் பாராட்டி ஏற்றுக்கொண்டார்கள். இருக்கைக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தவறான செய்தி வந்ததால்தானே எனக்கு விஷயமே தெரிந்தது? இனி அந்தச் செயலியில் எந்தத் தாய்க்கும் அப்படித் தெரிய வழியில்லை. அதை அடைத்ததும் நான்தான்.

இன்டர்ன்ஷிப் முடியப் போகிறது. பயன்படுத்துபவர் இடத்திலிருந்து யோசிக்கிறேன் என்று சொல்லி வேலை தருகிறார்கள், அதே செயலியில். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். கணவர் “உன் இஷ்டம்” என்கிறார். நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் என் இஷ்டம் என்ன என்பதே எனக்குத் தெரியவில்லை. சேர்ந்தால் என் மகள் இன்னும் பல வருடம் மாஷியிடம் இருப்பாள். நான் ஒரு சூரியனைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே, மற்றத் தாய்மார்களுக்கு அதே சூரியனை அனுப்பிக்கொண்டிருப்பேன். சேராவிட்டால், இவ்வளவு பயந்து பயந்து கற்றதெல்லாம் மறுபடியும் பழையதாகிவிடும்.

குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போன, போய்க்கொண்டிருக்கிற யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். ‘இன்னும் குறிக்கப்படவில்லை’ என்று ஒரு மதியம் வந்திருந்தால் உங்களால் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க முடியுமா? முடியும் என்றால் அந்தச் சாம்பல் நிறத்துக்காக இன்னொரு முறை அங்கே பேசிப் பார்க்கிறேன். இன்னொன்றும் சொல்லுங்கள். மாஷி மீது பழி சொல்வதாக அவருக்குத் தோன்றாமல், என் மகளுக்கு அந்த வீட்டில் இடம் போய்விடாமல், அவள் பிற்பகலில் தூங்குகிறாளா என்று நான் அவரிடம் எப்படிக் கேட்பது?