டேப்பின் மறுமுனை

கதை என்றால் நானே இன்னும் கொஞ்சம் நன்றாகக் கட்டியிருப்பேன். இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவருக்குப் பக்கத்து மேசையில்தான் இன்றைக்கும் நான் உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரியுங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை. படித்து முடித்த பிறகு சிரித்தால் போதும்.

அலுவலகத்தில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மில்லிமீட்டர். பழைய கட்டடங்களை அளப்பது அவர் வேலை. அவர் அளந்து வந்ததைக் கம்ப்யூட்டரில் வரைபடமாக்குவது என் வேலை. ஒரு கோடு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னம்மா இது?" என்று முறைப்பார். அப்படிப்பட்ட மனிதர்.

டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்தால் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே? அந்த ஆள் அவருடைய அக்கா புருஷன். பஸ் கண்டக்டராக இருந்தவர். முழங்கால் போனது, வேலையும் போனது. "உங்க அத்தானுக்கு ஏதாவது பார்த்துக் குடுடா" என்று அக்கா கெஞ்சியதால் சேர்த்துக்கொண்டார். வயதில் மூத்தவர், மச்சானுக்குக் கீழே எடுபிடி வேலை. அவர் முகம் சுளிக்கவில்லை. சுளித்ததெல்லாம் மில்லிமீட்டர்தான். "அத்தான், நேரா பிடிங்க." "அத்தான், தூங்கிட்டீங்களா?" அதுவும் நாலு பேர் முன்னால். கேட்கிற எங்களுக்கே ஒரு மாதிரியாக இருக்கும்.

அப்போதுதான் புறநகர்த் தபால் ஆபீஸ் வேலை வந்தது. நூறு வயது தாண்டிய கட்டடம். பாதுகாக்க வேண்டியது என்று வாசலில் அரசாங்கப் பலகையே மாட்டியிருந்தார்கள். செங்கல், சுண்ணாம்பு. முகப்பில் மூன்று வளைவுகள். மூலையில் ஒரு சதுரக் கோபுரம், அதில் நின்றுபோன கடிகாரம். கடிதம் போடுகிற பித்தளை வாய் எத்தனையோ கைகள் பட்டு வழவழவென்று தேய்ந்திருந்தது. உள்ளே மரக் கவுண்டர், அதில் சின்னச் சின்ன ஜன்னல்கள். கவுண்டருக்குப் பின்னால் தந்தி அறை, தபால் பை கட்டுகிற அறை என்று ஒரு காலத்தில் தனித்தனியாக இருந்ததாம். பிறகு வந்த யாரோ சுவர்களை இடித்து ஒரே நீளக் கூடமாக்கி, தரையை உயர்த்தி மொசைக் போட்டுவிட்டார்கள். எந்தச் சுவர் எங்கே இருந்தது என்று சொல்ல ஆளில்லை.

மழைக்கால மத்தியானம். கரண்ட் கிடையாது. பின்கூடத்து ஜன்னல்களை எல்லாம் பலகை வைத்து அறைந்திருந்தார்கள். பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு.

மில்லிமீட்டர் கவுண்டருக்கு முன்னால் நின்றுகொண்டு டேப்பின் முனையை ஜன்னல் வழியாக உள்ளே போட்டார். அத்தான் கட்டடத்தைச் சுற்றிப் போய்ப் பின்கதவு வழியாக நுழைந்து, அந்த முனையை எடுத்துப் போய்க் கடைசிச் சுவரில் வைத்துப் பிடிக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

கொஞ்ச நேரத்தில் டேப் சரசரவென்று உள்ளே போனது. நின்றது.

"பிடிச்சாச்சா?"

"ம்..."

விறைப்பாக இருந்தது டேப். எட்டரை மீட்டர். குறித்துக்கொண்டார். "விடுங்க" என்றார். உடனே தளர்ந்தது. சுருட்டினார். முனையில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. லேசான சூடு. பெயின்ட்டில் கை வைத்துவிட்டாரா இந்த மனுஷன் என்று சலித்தபடியே துடைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

படிக்கட்டில் அத்தான் உட்கார்ந்திருந்தார். தலை குனிந்திருந்தது.

"அதுக்குள்ள வந்து உட்கார்ந்தாச்சா?"

அத்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முழங்கால் வலிக்காரர் கட்டடத்தையே சுற்றிக்கொண்டு எப்படி முன்னால் வந்தார்? மில்லிமீட்டருக்கு அது தோன்றவே இல்லை.

வரையும்போது எனக்குக் கணக்கு உதைத்தது. வெளி அளவுக்கும் உள் அளவுக்கும் ஒண்ணரை மீட்டர் வித்தியாசம். சொன்னேன். "பழைய கட்டடம்மா, பின்சுவர் தடியா இருக்கும். சுவரைத் தடிப்பாக்கிக் கணக்கை மூடிடு" என்றார். ஒண்ணரை மீட்டர் தடியில் கோட்டைக்குத்தான் சுவர் கட்டுவார்கள்! திரும்பிப் போய் அளக்க அவருக்குச் சோம்பல். அவ்வளவுதான் விஷயம்.

அந்தப் படத்தை நம்பி இரும்பு உத்திரங்களை வெட்டிக் கொண்டுவந்து இறக்கினார்கள். அத்தனையும் குட்டை.

எஞ்ஜினீயர், மேஸ்திரி, கூலியாட்கள், நான் எல்லாரும் தபால் ஆபீஸ் முற்றத்தில் நின்றோம். எஞ்ஜினீயர் ஒரு வார்த்தைதான் கேட்டார். "யார் அளந்தது?"

மில்லிமீட்டர் முகம் வெளிறியது. சட்டென்று அத்தான் பக்கம் திரும்பினார். "ஒரு டேப்பைப் பிடிக்கக்கூட வக்கில்ல. சுவர் வரைக்கும் போகச் சோம்பல். நடுவுல எங்கயோ நின்னுக்கிட்டு ம் போட்டிருக்கார். இவரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?"

"அந்தக் கூடத்துக்குள்ள நான் கால் வைக்கவே இல்லப்பா" என்றார் அத்தான்.

"அப்போ டேப்பை யார் பிடிச்சா?"

அத்தான் அவரை ஒரு விதமாகப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா?"

கூலியாட்கள் சிரித்துவிட்டார்கள். அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு நொண்டியபடியே போனார். மறுநாளிலிருந்து வரவில்லை. அக்கா போனை எடுக்கவில்லை.

தப்பு யார் மேல் என்று மில்லிமீட்டருக்குத் தெரியும். சோறு இறங்கவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். ஆனாலும் அத்தான் பொய்தானே சொன்னார்? அதைப் பிடித்துக்கொண்டால் மனசு கொஞ்சம் ஆறும் போலிருந்தது. மறுநாள் மத்தியானம், ஆட்கள் யாரும் இல்லாத நேரம், தனியாக அளந்து பார்க்கப் போனார்.

பின்கதவு வழியாக நுழைந்து, டேப்பின் கொக்கியைக் கடைசிச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினார். டேப்பை இழுத்துக்கொண்டே வந்து, கைப்பிடியைக் கவுண்டர் ஜன்னல் வழியாக வெளியே நீட்டி வைத்தார். சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். இழுத்துப் பார்த்தார்.

பத்து மீட்டர்.

பார்த்தாயா, அத்தான் சுவர் வரைக்கும் போகவே இல்லை! ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது.

டிங்... உள்ளே ஆணி விழுகிற சத்தம்.

டேப் தளர்ந்து தரையில் விழுந்தது. ச்சே என்று சுருட்டப் போனார்.

சரக்...

டேப் தரையிலிருந்து எழும்பியது.

விறைத்தது.

யாரோ மறுமுனையைப் பிடித்திருக்கிறார்கள்...

குனிந்து பார்த்தார். எட்டரை.

"யாரு?"

 அரக்கு கருகுகிற வாசனை மட்டும்.

பிறகு, இருட்டுக்குள்ளிருந்து...

"ம்..."

கைப்பிடியை விடாமலே ஓடியிருக்கிறார். தெருவுக்கு வந்துதான் திரும்பிப் பார்த்தார். டேப் அவர் பின்னாலேயே இழுபட்டு வந்திருந்தது. முனையில் சிவப்பு அரக்கு. தொட்டார். சுட்டது. அதில் ஒரு கட்டைவிரல் ரேகை அழுத்தமாகப் பதிந்திருந்தது. அவர் விரலைவிடப் பெரிது.

யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் காய்ச்சல் என்று வீட்டில் கிடந்தார்.

அவர் திரும்பி வந்த அன்றைக்குத்தான் மேஸ்திரி மொசைக்கைப் பெயர்த்தார். நாலு விரல் கீழே பழைய கல்தரை. அதன் குறுக்கே, இடித்துப் போட்ட சுவரின் அடிக்கட்டு ஓடியது. கவுண்டரிலிருந்து நானே அளந்தேன். எட்டரை மீட்டர், ஒரு நூல் பிசகில்லை. சுவரை ஒட்டிக் கல்லில் இரண்டு குழிகள், பாதம் பாதமாக. பக்கத்தில் உறைந்துபோன அரக்குச் சொட்டுகள்.

"பை கட்டி முத்திரை வைக்கிறவர் நின்ன இடமா இருக்கும். காலங்காலமா ஒரே இடத்துல நின்னிருக்கார், பாவம்" என்றார் மேஸ்திரி.

மில்லிமீட்டர் அந்தக் குழிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அங்கிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனார்.

அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அத்தான் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மில்லிமீட்டர் தரையில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் தரையில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"தப்பு என்னுதுதான் அத்தான். உங்களை அத்தனை பேர் முன்னால... வெட்கமா இருக்கு. மன்னிச்சுடுங்க."

"விடுப்பா. நானும் அன்னிக்கே கேட்டிருக்கணும். வாயைத் திறக்க வெட்கம்."

"என்ன கேட்டிருக்கணும்?"

"பின்கதவு வரைக்கும் வந்தேன். எட்டிப் பார்த்தா, கதவு வெளிச்சத்துல வேற ஒருத்தர் டேப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். காக்கிச் சட்டை. வயசானவர். சொல்லாம கொள்ளாம நீ எனக்குப் பதிலா ஆள் வெச்சுட்டியோன்னு நினைச்சேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. போய்ப் படியில உட்கார்ந்துட்டேன்."

மில்லிமீட்டர் கட்டிலருகே நகர்ந்தார். "அவர்... கால்... பார்த்தீங்களா?"

"கணுக்காலுக்குக் கீழ தெரியல. தூசியில மறைஞ்சிருக்கும்னு நினைச்சேன்." அத்தான் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "என்னை விடு, பழகிடுச்சு. அந்தப் பெரியவரையாவது நாலு பேர் முன்னால திட்டாதப்பா. இன்னும் உன்கிட்டதானே வேலை பார்க்கிறார்?"