எடுத்து வைத்திருக்கிறார்கள்

வேதியியலில் பட்டம் வாங்கியதும் நான் முதலில் போனது ஒரகடத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மருந்துக் கம்பெனிக்கு. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. விடிவதற்குள் கிளம்பி, வாலாஜாபாத்தில் பஸ் மாறி, கேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே போய் உட்கார்ந்தபோதே எனக்குக் கண் சொக்கியது. மாத்திரைகளைச் சோதிக்கும் லேபில் வேலை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஹெச்.ஆர். மேடம் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். கடைசியில், "உங்க ரெசுமேவ ஃபைல்ல வெச்சுக்கறோம். வேகன்சி வந்ததும் கூப்பிடுவோம்" என்றார்.

அம்மா நடவுக்குப் போய்விட்டு வந்து காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"ஃபைல்ல வெச்சிக்கிறாங்களாம். எடம் காலியானா கூப்புடுவாங்களாம்."

"அப்ப எடுத்து வெச்சிக்கினாங்க" என்றாள் அம்மா. பாதி வேலை கிடைத்துவிட்டது போல இருந்தது அவள் குரல். மறுநாள் நடவு வயலில் இருந்த அத்தனை பேருக்கும் சேதி தெரிந்துவிட்டது. அதன்பின் குழாயடியில், ரேஷன் கடையில், எங்கே போனாலும் யாராவது ஒருத்தர் கேட்டார்கள்: "எப்பம்மா கூப்புடறாங்க?"

அடுத்தடுத்துப் பல கம்பெனிகள் ஏறி இறங்கினேன். பெயிண்ட் கம்பெனி, சோப்புக் கம்பெனி, தண்ணீரைச் சோதிக்கும் ஒரு சின்ன லேப். இன்டர்வியூவுக்கென்று இருந்த ஒரே சுடிதாரைத் துவைத்துத் துவைத்துக் கை ஓரம் வெளுத்துப்போனது. வேலை இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லா இடத்திலும் ஃபைலில் வைத்துக்கொண்டார்கள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அம்மா கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு என் வாயைப் பார்ப்பாள். லோன் வேண்டுமா என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லி வைத்ததும் திரும்பவும் அரிசி களைவாள்.

அந்தச் சமயத்தில்தான் உத்திரமேரூர் போகிற வழியில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட் வேலை இருப்பதாக என்னுடன் படித்தவள் சொன்னாள். கேட்டதும் எனக்குப் போக வேண்டும் போலிருந்தது. நடந்தே போய்வரலாம்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அத்தினி கம்பெனில உன் பேர எடுத்து வெச்சிக்கினு கீறாங்க. நீ இஸ்கூல்ல போயி சேந்துட்டா, அவங்க கூப்புடறப்போ இன்னான்னு சொல்லுவ? கொஞ்ச நாள் பொறு."

வாடகை டிராக்டர் ஓட்டிவிட்டு வந்து படுத்திருந்த நைனாவைப் பார்த்தேன். "அம்மா சொல்றதும் ஞாயந்தான" என்றார், கண்ணைத் திறக்காமலேயே.

எனக்கு வாதாடத் தெம்பில்லை. மழைக்காலம் முடிகிறவரை பொறுத்தேன். பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் அந்த மருந்துக் கம்பெனிக்கே திரும்பப் போனேன். அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்றார் செக்யூரிட்டி. நான் போகாமல் நின்றேன். வெயில் ஏறிய பின் அவரே மனசு மாறி உள்ளே போன் போட்டார். சாப்பாட்டு நேரத்தில் அந்த மேடம் கேட்டுக்கு வந்தார். அவருக்கு என்னை நினைவில்லை.

"மேடம், என் ரெசுமே உங்ககிட்ட கீது. இப்ப கூப்புடுவீங்களா, மாட்டீங்களான்னு மட்டும் சொல்லுங்க. இல்லன்னா இல்லன்னே சொல்லிடுங்க. வூட்ல வேற வேலைக்கு வுட மாட்டேங்கறாங்க."

அவர் ஐ.டி. கார்டின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். "எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்கம்மா. மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்றதும் கஷ்டமா இருக்கு" என்றார். பிறகு, "இல்லம்மா. இந்த வருஷம் யாரையும் எடுக்கல. நீங்க வேற பாருங்க" என்றார்.

நன்றி சொன்னேன். அவர் சாப்பிட்டீங்களா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அழுகை வரும் என்று நினைத்தேன், தூக்கம்தான் வந்தது. வாலாஜாபாத்தில் கண்டக்டர் எழுப்பி இறக்கிவிட்டார்.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ அவங்க எடுத்து வெச்சிக்கலியா?"

"வெச்சிக்கினுதான் கீறாங்க. வேலைக்கு எடுக்க மாட்டாங்க."

அடுப்பிலிருந்த கொள்ளியை உள்ளே தள்ளினாள். பிறகு, "நாளிக்கு அந்த இஸ்கூலுக்குப் போயி கேளு" என்றாள். போய்க் கேட்டேன். அங்கே எப்போதோ ஆள் எடுத்துவிட்டிருந்தார்கள். அம்மா அன்று சாப்பிடவில்லை. எனக்கு அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை.

இப்போது ஒரு தனியார் பால் கொள்முதல் நிலையத்தில் இருக்கிறேன். கேன்களில் வரும் பாலைச் சோதித்துக் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பொழுது விடியும்போது ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நடுவில் கொஞ்சம் தூங்குவேன்.

சேர்ந்த புதிதில், ஒற்றை மாடு வைத்திருந்த ஒரு பெரியவரின் பாலில் தண்ணீர் காட்டியது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாளைக்குப் பார்க்கலாம் தாத்தா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இந்தப் பால எடுக்க முடியாது தாத்தா. தண்ணி கீது" என்றேன்.

"மழத்தண்ணி பட்டிருக்கும் பொண்ணு" என்றார். வானத்தில் மேகமே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே கேனைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று முழுக்க என் மனசு சரியில்லை. மறுநாள் காலையில் வரிசையில் முதல் ஆளாக அவர்தான் நின்றார். பால் நன்றாக இருந்தது.