சேவியர் அங்கிளின் ரீவைண்ட் செய்யாத கேசட்

சேவியர் அங்கிள் போய்விட்டார். இன்று காலை.

அவர் மகள் ரோஸிதான் போன் பண்ணினாள். நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன்... அப்படியே இறங்கிவிட்டேன். எந்த ஸ்டாப் என்றுகூடப் பார்க்கவில்லை.

தொண்ணூறுகளில் விவேக் நகரில் இருந்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. சர்ச்சுக்குப் போகிற வழியில், மெழுகுவர்த்திக் கடைகளைத் தாண்டி, ஒரே ஒரு ஷட்டர் அகலத்தில் வீடியோ கேசட் கடை. மிலிட்டரியிலிருந்து ரிட்டயர்டு ஆகி வந்து போட்டது.

கேசட்டை ரீவைண்ட் பண்ணாமல் கொண்டுபோனால் மனுஷன் பொரிந்து தள்ளிவிடுவார். "ரீவைண்ட் மாடி கொட்ரி ஸ்வாமி!" என்று கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். தமிழில் வருவதை இங்கே எழுத முடியாது. என் அண்ணன் ஒருதடவை வாங்கிய திட்டில் ஒரு மாசம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

ஆனால் போர்ப் படங்களுக்கு மட்டும் ரூல் தலைகீழ். "இத சுத்தாத. உட்ட எடத்துலயே அப்டியே கொண்டா" என்பார்.

திரும்பி வந்ததும் கடையிலிருந்த வீடியோ டெக்கில் போட்டு, ஜனங்கள் எந்த இடத்தில் பார்ப்பதை நிறுத்தினார்கள் என்று பார்ப்பார். குண்டு, டேங்க், ஹெலிகாப்டர் எல்லாவற்றையும் ஜாலியாகத் தாண்டிவிடுவார்களாம். சிப்பாய்கள் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது ஆஃப் பண்ணிவிடுவார்களாம்.

"எல்லாரும் அங்கதாம்மா நிறுத்துறாங்க. நானுந்தான்."

அவர் சொன்னது ஒரு வெளிநாட்டுப் போர்ப் படத்தைத்தான். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். சிப்பாய்கள் ஒரு வீட்டைச் சோதனை போட்டு, வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போவார்கள். அவர் மனைவி, கேட்டில் காவல் நிற்கிற சிப்பாயின் காலைப் பிடித்துக் கெஞ்சுவாள். அவன் நேரே பார்த்தபடி நிற்பான்.

அப்போது நான் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டைப்பிஸ்ட். வீம்பு பிடித்த கழுதை வேறு. யாரும் முழுசாகப் பார்க்கவில்லை என்றால் நான் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போனேன்.

பார்த்தேன். அந்த வீட்டுக்காரர் கடைசிவரை வரவே மாட்டார். அந்தப் பெண் அவருடைய சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆபீஸ் வாசலாக அலைவாள்... அலைந்துகொண்டிருக்கும்போதே படம் முடிந்துவிடும். நான் அழுத அழுகையில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார்.

மறுநாள் கேசட்டைச் சுற்றாமல் அப்படியே கொடுத்தேன். அங்கிள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நாடா முழுக்கக் கடைசிவரை ஓடி வலது பக்கம் சேர்ந்திருந்தது.

"முழுசா பாத்துட்டியா!"

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கேசட்டையே தடவிக்கொண்டிருந்தார்.

"நானும் ஒரு வீட்டு கேட்ல நின்னேம்மா. எந்த ஊருன்னு கேக்காத. அந்தம்மா கெஞ்சுன பாஷை எங்க செக்ஷன்ல எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். மத்தவனுங்களுக்குப் புரியல... எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது."

"நீங்க என்ன பண்ணீங்க அங்கிள்?"

"ஒண்ணும் பண்ணல. நின்னேன்."

கடைக்கு யாரோ வந்தார்கள். கேசட் கொடுத்து அனுப்பினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"கடைசீல அந்த வீட்டுக்காரு திரும்பி வந்துர்றாரா?"

நான் சட்டென்று சொல்லிவிட்டேன். "வந்துட்டாரு அங்கிள்."

"வந்துட்டாரா..." என்று உட்கார்ந்துவிட்டார். பிறகு கேசட்டை அவரே சுற்றி, மேல் தட்டில் வைத்தார். எனக்கு டீ வரவழைத்தார். என்னால் அந்த டீயைக் குடிக்க முடியவில்லை.

அடேயப்பா, அதற்கப்புறம் நான் பட்ட பயம்! வேறு யாராவது முழுசாகப் பார்த்துவிட்டு வந்து உடைத்துவிடுவார்களோ என்று அந்தத் தட்டையே பார்ப்பேன். யாரும் பார்க்கவில்லை. பிறகு வீட்டுக்கு வீடு கேபிள், சிடி... கடையும் மூடிவிட்டது.

எங்கே பார்த்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான். மார்க்கெட்டில், பஸ் ஸ்டாப்பில், என் கல்யாண ரிசப்ஷன் மேடையில்கூட. குட் மார்னிங் மாதிரி.

"வந்துட்டாருல்லம்மா?"

"வந்துட்டாரு அங்கிள்."

என் கணவர் ரொம்ப நாள் யாரோ சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். போன வாரம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு அதையேதான் கேட்டார். நானும் அதையேதான் சொன்னேன். என் கையை இரண்டு தட்டுத் தட்டினார்.

இன்று அவர் வீட்டில் ரோஸி என்னை உள் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பழைய டெக், அதன் மேல் அந்தக் கேசட். நாடா முழுக்க வலது பக்கம், கடைசிவரை ஓடியபடி.

"யார் ரோஸி பாத்தது?"

"அப்பாதான்க்கா. கடை மூடுன வாரம் கதவ சாத்திக்கிட்டு ஒக்காந்து முழுசா பாத்தாரு. அப்புறம் ரெண்டு நாள் யாரோடயும் பேசல. சுத்தி வெக்கட்டுமான்னு கேட்டேன், தொடாதன்னுட்டாரு."

கடை மூடிய வாரம்... என் கல்யாணமே அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான்.

அந்த ரூமிலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். கேசட்டை நானும் சுற்றவில்லை.

நாளை மாலை நாலு மணிக்கு அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

வந்துட்டாரு அங்கிள்... நீங்க போயிட்டு வாங்க.