பேரரசரை மறைத்து நின்றவர்

1871 அரசியலமைப்பின் பதினோராம் பிரிவுப்படி பிரஷ்யாவின் அரசரே ஜெர்மன் பேரரசர். பட்டம் பரம்பரையாக வரும், தேர்தல் கிடையாது. லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் பேரரசர் படத்துக்கு வைத்த விளக்க அட்டையோ, அவரை மன்னர்கள் கூடித் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னது.

பள்ளிப் பிள்ளைகள் வரும்போதெல்லாம் அதன் முன்னால் வந்து நிற்பார், நரைத்த மீசையும் அகன்ற முதுகும் கொண்ட யாழ்ப்பாணத்துக் காவலர்.

“கொஞ்சம் நகருங்களேன்” என்றேன்.

“ஏலாது அண்ணை. அதில பிழை கிடக்கு.”

“மேலிடத்தில் சொல்லலாமே?”

“ரெண்டு தரம் சொன்னன். மூண்டாந்தரம் வாய் திறந்தால் வேலை இல்லையெண்டு சொல்லிப்போட்டினம்.”

ஓய்வுபெற்ற அதிகாரி நான் எதற்கு இருக்கிறேன்? 2006 கோடையில் என் பெயரிலேயே படிவம் நிரப்பிக் கொடுத்தேன். பதினைந்து நாளில் பதில் என்று அதில் அச்சிட்டிருந்தது. எத்தனை பிள்ளைகள் பேரரசரைப் பார்க்க வந்து காவலர் முதுகை மட்டும் பார்த்துப் போனார்களோ, பிழையை ஒப்புக்கொண்ட பதில் வந்தது 2008 தைப்பொங்கலன்று.