மூன்று குழுவுக்கு ஒரு கோடு

முறைப்பாட்டில் குற்றம் செய்தவர் யாரென்று சரியாகத் தெரியாவிட்டால், 'இனந்தெரியாதோர்' என்று எழுதிப் பதிந்துகொள்ள வேண்டும். முறைப்பாட்டைத் திருப்பி அனுப்பக் கூடாது. இது விதி. அரச சேவையில் இருந்த காலம் முழுவதும் புதிதாக வந்த எழுதுவினைஞர்களுக்கு நான் இதைப் படிப்பித்திருக்கிறேன்.

போன வருடம் மாசி மாதம், மட்டக்களப்பு வாவியோரம் என் வீட்டில் நடந்தது இது. ஓய்வுபெற்ற பிறகு என் சாப்பாட்டு மேசைதான் ஊருக்குக் கந்தோர். படிவம் நிரப்ப வருவார்கள். நிரப்பிக்கொண்டே, அந்தப் படிவத்தைத் தயாரித்தவரைத் திட்டுவேன். அதுதான் என் கூலி.

அன்று ஆரையம்பதியிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் வாவியில் மீன்பிடித்தவர். யுத்த காலத்தில் எங்கள் பக்கம் மூன்று ஆயுதக் குழுக்கள். இரண்டாவது குழுவுக்கு மீன் கொடுத்தார் என்று முதலாவது அவரை அடித்தது. மூன்றாவதுக்குக் கொடுத்தார் என்று இரண்டாவது அடித்தது. தங்களுக்குச் சின்ன மீனாகக் கொடுத்தார் என்று மூன்றாவது அடித்தது. பிறகு மூன்றும் பகை மறந்து கூட்டணி அமைத்தன. சனங்களுக்கு நிம்மதி. தங்களுக்குள் சுட்டுக்கொண்ட வரைக்கும் எங்களைக் கவனிக்க அவர்களுக்கு நேரம் போதவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. ஒரு நாள் பட்டப்பகலில் மூன்று குழுவினரும் ஒன்றாக வந்து, தோணித்துறையில் நின்றவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை.

வளவுக் காணி அவர் பெயரில் இருந்தது. மகளுக்கு அதில் வீடு கட்டுவதற்கு மரணச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள்.

"செத்தத ஆரும் கண்டதா சேர்? நான் அப்படி எழுதித் தரமாட்டன்."

அதனால் காணாமற்போனமைக்கான சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தார். அந்த நாட்களிலேயே முறையிட்டதற்கு அத்தாட்சி இல்லையென்று அது திரும்பி வந்திருந்தது.

"அப்ப முறையிடல்லியா?"

"முறையிட்டன் சேர். திருப்பி அனுப்பிப்போட்டாங்க."

பொலித்தீன் பையிலிருந்து பழைய கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். 'தங்கள் முறைப்பாட்டில் மூன்று குழுக்கள் குறிப்பிடப்பட்டுள்ளன. படிவத்தில் ஒரு கோடு மாத்திரமே உள்ளது. பொறுப்பான குழு ஒன்றைத் தெரிவுசெய்து மீளச் சமர்ப்பிக்கவும்.'

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இத எழுதின மடையன் ஆரு? விதி தெரியாதவனெல்லாம் கதிரையில! மறுகா ஏன் நீங்க ஒண்ட எழுதிக் குடுக்கல்ல?"

"மூணு பேரும் சேந்துதானே கொண்டு போன. ஒருத்தன்ட பேர மட்டும் எழுதினா மத்த ரெண்டு பேரும் கோவிப்பானுகளே. கீழ ஒப்பத்தப் பாருங்க சேர்."

பார்த்தேன். ஒப்பத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுப்பது என் பழைய பெருமை. இரண்டும் நேராக இருந்தன.

"தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"ஓம். திட்டி முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்த."

அந்த மூன்று பெயர்களையும் பதிய அந்த நாட்களில் எனக்குப் பயம். படிவத்தில் இருந்த ஒற்றைக் கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆனால் கடிதத்தில் இலக்கமும் திகதியும் இருந்தன. அவர் முறையிட்டதற்கு உலகத்தில் எஞ்சியிருந்த ஒரே அத்தாட்சி அதுதான்.

மறுநாளே இருவரும் விண்ணப்பத்தைத் திருப்பிய அலுவலகத்துக்குப் போனோம். கடிதத்தை வாசித்த இளம் உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்த்தார். "ஒப்பத்த உறுதிப்படுத்தணும். இந்த ஆள் இன்னும் உயிரோட இருக்காரா சேர்?"

"நேற்றுக் காலை வரைக்கும் நல்லா இருந்தார்," என்றேன்.

'விதிக்கு மாறாக இம்முறைப்பாட்டைத் திருப்பி அனுப்பியவன் நானே' என்று சத்தியக்கடதாசி எழுதிக் கொடுத்தேன். என்னிடம் வேலை பழகிய ஒருவர்தான் இப்போது அதை அத்தாட்சிப்படுத்தும் சமாதான நீதவான். அதை இரண்டு தரம் உரக்க வாசித்துவிட்டுத்தான் முத்திரை குத்தினார். நடைமுறையில் ஒரு தரம் போதும்.

என் சேவைக்காலத்தில் எத்தனையோ கடிதங்கள் எழுதினேன். அவற்றில் ஒருவருக்கு உண்மையாகப் பயன்பட்டதாக எனக்குத் தெரிந்தது, எழுதியிருக்கவே கூடாத அந்த ஒன்றுதான் என்பது இன்னும் என்னைக் குடைகிறது. அந்த அம்மாவின் கைக்குச் சான்றிதழ் வந்து சேர்ந்தது இந்த வருடம் ஆவணி பத்தொன்பதாம் திகதி.